இன்ஜினுக்கு வெந்நீர்

"புள்ள இன்ஜின்ல கீறான்" என்று என் அத்தை பொதட்டூர்பேட்டைக்குப் போய்ச் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அத்தை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் இருந்த ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் நான் டீசல் மெக்கானிக். ஜெனரேட்டர் இன்ஜினைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆனால் கும்மிடிப்பூண்டி என்றதும் பெண் வீட்டாருக்கு நினைவுக்கு வந்தது ஸ்டேஷன். இன்ஜின் என்றதும் அவர்கள் கண் முன்னால் கூவிக்கொண்டு வந்து நின்றது ரயில். மாப்பிள்ளை ரயில் ஓட்டுகிறவர் என்று அவர்கள் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. எனக்கு இது தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அடுப்பில் ஏதோ ஒரு வேலை வந்துவிடும்.

நான் பெண் பார்க்கப் போன அன்றும் விஷயம் வெளியே வரவில்லை. பெண்ணின் அப்பா ஒல்லியான மனிதர். வலது முன்கை கொஞ்சம் கோணலாக இருந்தது. ரைஸ் மில்லில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் விசாரித்தார்.

"டூட்டியில எந்த ஊர் வரைக்கும் போவீங்க தம்பி?"

"ஊருக்கெல்லாம் போறதில்ல மாமா. ஷெட்லயேதான்."

"ஓகோ, ஷெட்டு" என்று திருப்தியாகத் தலையாட்டினார். "எவ்ளோ இழுக்கும்?"

"ஃபேக்டரி மொத்தத்தையும் இழுக்கும் மாமா" என்றேன். கரண்டு லோடைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பெருமையாகப் பார்த்தார். உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த பெண் என்னை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையில் ஒரு ஆச்சரியம் இருந்ததைக் கவனித்தேன். என் முகத்துக்காக என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

என் இன்ஜின் எங்கேயும் போகாது. தொழிற்சாலைக்குப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில், சிமென்ட் மேடையில், பெரிய போல்ட்டுகளால் இறுக்கி உட்கார வைத்திருந்தார்கள். அது வெளிநாட்டு இன்ஜின். பெரும்பாலான நாட்கள் சும்மாதான் இருக்கும். அரசாங்கக் கரண்டு எப்போது நிற்கிறதோ அப்போது அது எழுந்திருக்க வேண்டும். அந்த வருஷங்களில் கரண்டு நிற்காத நாளே குறைவு. உலையில் உருகிய கண்ணாடி இரவும் பகலும் தேன் மாதிரி வாய்க்காலில் வந்து விழும். கரண்டு போய் ஊதுகாற்று நின்றுவிட்டால் அந்த வாய்க்கால் முனை இறுக ஆரம்பிக்கும். அப்புறம் அதை உடைத்து, சூடாக்கி, மறுபடி ஓட விடுவதற்குள் ஒரு ஷிஃப்டே போய்விடும். அதனால் பத்து எண்ணுவதற்குள் இன்ஜின் ஓடி லோடு எடுக்க வேண்டும் என்பது கட்டளை.

குளிர்ந்து கிடக்கிற இன்ஜின் பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்காது. இருமும், கறுப்பாகப் புகை விடும், ஓட ஆரம்பித்ததும் லோடு கொடுத்தால் திணறும். ஆகவே அதன் உடம்புக்குள் ஓடுகிற தண்ணீரை எப்போதும் கதகதப்பாக வைத்திருக்க, இன்ஜினின் காலடியில் ஒரு சின்ன ஹீட்டர் பொருத்தியிருந்தார்கள். தவலை அளவில் ஓர் இரும்புப் பாத்திரம், அதற்குள் வளைந்த ஒரு ஹீட்டர் ராடு. இன்ஜினின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஒரு குழாயில் அதற்குள் இறங்கும். சூடேறிய தண்ணீர் இன்னொரு குழாயில் மேலே ஏறி இன்ஜினுக்குள் போகும். பம்ப் எதுவும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும், அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு ஷெட்டில் இதைச் சொன்னபோது உலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வெளியில நின்னா மண்டை வேவுது, இன்ஜினுக்கு வெந்நீர் போட்றானாம். எண்ணெய் தேச்சு வுடுறியா?" என்று கேட்டார்கள். பொங்கலுக்கு இன்ஜினுக்கு ஒரு கோவணம் வாங்கித் தருவதாகச் சொன்னவரும் உண்டு.

இந்த ஹீட்டர் வேலையில் எனக்குக் கூட்டாளி ஓர் எலக்ட்ரீஷியன். திருவள்ளூர்க்காரர், என் வயதுதான். அவர் குடும்பம் தலைமுறையாகக் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். இவர் மட்டும் வயர் பிடிக்க வந்துவிட்டார். நான் அவரை சாமி என்று கூப்பிடுவேன். அவர் என்னை மெக்கானிக் என்பார். தினமும் காலையில் ஷெட்டுக்குள் நுழையும்போதே அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன மெக்கானிக், ஜலம் சுட்டுதா?"

கையால் தொட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். மேல் குழாய் நன்றாகச் சுட வேண்டும். கீழ்க் குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இன்ஜினின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தால், ஓடி விளையாடிவிட்டு வந்த குழந்தையின் முதுகு மாதிரி இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி. வாரத்துக்கு ஒரு நாள் ரப்பர் ஹோஸ்களை அழுத்திப் பார்த்து, கிளிப்புகளை இறுக்கி, தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றுவோம். துருப் பிடிக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில் ஒரு எண்ணெய் கலப்போம். கலந்ததும் அது பால் மாதிரி வெளுத்துவிடும். இன்ஜின் பால் குடிக்கிறது என்று அதற்கும் ஒரு கேலி.

மாதத்துக்கு ஒரு முறை பெரிய வேலை. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதைக் காய்ச்சக் காய்ச்ச ஹீட்டர் ராடில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்துவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாது, ராடுதான் வெந்து போகும். சாமி முதலில் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அது அவர் பையில் இருக்கும்வரை உலகத்தில் யாரும் அந்த ஹீட்டருக்குக் கரண்டு கொடுக்க முடியாது என்பது எங்களுக்குள் சட்டம். நான் மேலும் கீழும் உள்ள இரண்டு வால்வையும் மூடி, பாத்திரத்துத் தண்ணீரை வாளியில் பிடித்து, போல்ட்டுகளைக் கழற்றி ராடை வெளியே இழுப்பேன். சுத்தமான இன்னொரு ராடு தயாராக இருக்கும். அதை மாட்டிவிட்டுப் பழையதைப் புளித்தண்ணீரில் ஊறப் போடுவோம். புளி சாமியின் யோசனை. கோயில் அண்டாக்களைத் தேய்க்கிற குடும்பமல்லவா! ஸ்டோரில் கொடுத்த ஆசிட் கையைத்தான் அரித்தது. புளித்தண்ணீரில் இரண்டு நாள் ஊறி எழுந்த செம்பு ராடு கார்த்திகை விளக்கு மாதிரி பளபளத்தது.

ராடை மாட்டிய பிறகு தண்ணீர் நிரப்பி, இரண்டு வால்வையும் திறந்து, மேலே இருக்கிற சின்னக் குழாயைத் தளர்த்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியே விட வேண்டும். தண்ணீர் கசிந்து வந்தபிறகுதான் சாமி பையிலிருந்து ஃப்யூஸை எடுப்பார். இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் ஹீட்டர் போச்சு. இதை நான் தூக்கத்தில்கூடச் சரியாகச் செய்வேன் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை அன்று தொழிற்சாலைக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். தொழிலாளிகள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள், பெரியவர்கள் எல்லாரும் வருவார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அந்த வருஷம் அத்தை ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். பெண்ணின் அப்பாவைத் தொழிற்சாலைக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணும் கூட வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆனால் ரயில் இன்ஜினில் ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பாவால் மறுக்க முடியவில்லை. காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பி, மூன்று பஸ் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் அவர்கள் நேராக ஸ்டேஷன் பக்கம் நடந்திருக்கிறார்கள். அத்தைதான் கையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாளாம்.

அன்றைக்குப் பார்த்து எங்களுக்கு வருஷாந்தர வேலை. பூஜைக்கு முன்னால் இன்ஜினின் பழைய தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினோம். அதனால் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்தது. ராடு மாற்றியாயிற்று. மேல் வால்வைத் திறந்தேன். அந்த நேரத்தில் வாட்ச்மேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ், பொண்ணு ஊட்லேர்ந்து வந்துக்கீறாங்கய்யா! பொண்ணும் வந்துக்கீது!" என்றார்.

கை கழுவ ஓடினேன். சட்டை மாற்றினேன். தலை வாரினேன். திரும்பி வந்தபோது சாமி ஃப்யூஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றார். "ஆச்சு சாமி" என்றேன். ஃப்யூஸைப் போட்டார்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். பெண் நீலச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். அத்தை எல்லாருக்கும் பின்னால், எதற்கும் சம்பந்தம் இல்லாதவள் மாதிரி நின்றாள். மாமா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தண்டவாளத்தைத்தான் தேடினார் என்று எனக்கு அப்போது தெரியாது.

"வண்டி எங்க தம்பி?"

"எந்த வண்டி மாமா?"

"அதான், உங்க இன்ஜின்."

"இதோ, இதான் மாமா." பெருமையாக அதன் முதுகில் கை வைத்துக் காட்டினேன்.

அவர் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "சக்கரம் கீதா இதுக்கு?"

"இல்ல மாமா."

"அப்ப இது எங்க போவும்?"

"எங்கயும் போவாது மாமா. இங்கியேதான் இருக்கும்."

மாமா மறுபடி ஒருமுறை குனிந்து அடியில் பார்த்தார். முதலில் சத்தம் வந்தது பெண்ணிடமிருந்து. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானைக்குள்ளிருந்து க்ளுக்கென்று ஒரு சத்தம் கசிந்த பிறகுதான் சிரிக்கிறாள் என்று புரிந்தது.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரு ஃபுல்லா சொல்லி வச்சிட்டேனே. மாப்ள மெட்ராஸ் மெயில் ஓட்றாருன்னு மில்லு மொதலாளிகிட்ட வேற சொல்லிக்கீறேன். இன்னா பேஜாரா பூட்ச்சி பாரு" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அத்தை ரேடியேட்டரில் மாலை சரியாகத் தொங்குகிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோனது என்றுதான் நினைத்தேன். அதைவிட, இவ்வளவு நல்ல இன்ஜினைப் பார்த்து ஒரு மனிதர் இப்படி முகம் வாடுகிறாரே என்றும் வருத்தமாக இருந்தது.

பெண் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் வந்தாள். காலடியில் இருந்த ஹீட்டரைக் காட்டி, "இது இன்னா?" என்று சாமியைக் கேட்டாள்.

"இது இன்ஜினுக்கு வெந்நீர் போடற பாத்திரம்மா. எப்பவும் ஜலம் சுட்டுண்டே இருக்கணும். அப்பத்தான் தொட்டதும் கிளம்பும்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "நைனா! இங்க வா. இன்ஜினுக்கு வெந்நீராம்!"

மாமா தலையைத் தூக்கினார். எழுந்து வந்து, இந்த முறை உட்கார்ந்து, குழாய்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பின்தொடர்ந்தார். அவர் பார்த்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, தண்ணீர் போகிற வழியிலேயே அவர் கண்ணும் போனது.

"மாமா, உங்களுக்கு இன்ஜின் தெரியுமா?"

"இருவது வர்சமா மில்லு இன்ஜின் ஓட்றேன் தம்பி." அந்தக் கோணல் முன்கையை நீட்டிக் காட்டினார். "இன்ஜினைச் சுத்திக் கிளப்புற ஹேண்டில் எதிர்த்து அடிச்ச அடி இது. மார்கழி வந்தா அது கிளம்பாது. ரெண்டு ஆளு சேந்து சுத்தினாக்கூட கிளம்பாது. வெந்நீர் வச்சி அதும் வயித்துல ஊத்தினாத்தான் அசையும். இதோ, இவதான். ஆறு வர்சமா மார்கழி மாசம் ஃபுல்லா விடிகாலத்துல தவலையில வெந்நீர் தூக்கினு வந்து ஊத்தறா."

நான் பெண்ணைப் பார்த்தேன். பெண் என்னைப் பார்க்கவில்லை. அவள் கை குழாயில் இருந்தது. மேல் குழாயைத் தொட்டாள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கீழ்க் குழாயைத் தொட்டாள். பிறகு இன்ஜினின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் தினமும் காலையில் செய்கிற அதே வரிசை.

"இங்க கொதிக்கிது. இங்க சில்லுனு கீது. தண்ணி உள்ள போவவே இல்லியே."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல வாயைத் திறந்தவன், கீழ் வால்வைப் பார்த்தேன். மூடியே இருந்தது. மேலே மட்டும் திறந்துவிட்டு வாட்ச்மேன் குரலுக்கு ஓடியிருக்கிறேன். கீழே மூடியிருந்தால் தண்ணீர் சுற்றாது. பாத்திரத்தில் இருப்பது மட்டும் கொதித்துக் கொதித்து வற்றி, பளபளவென்று தேய்த்து வைத்த ராடு கருகியிருக்கும்.

சாமி ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நான் உட்கார்ந்து வால்வை மெதுவாக, கால் திருப்பு கால் திருப்பாகத் திறந்தேன். உள்ளே களக் களக்கென்று ஏதோ புரண்டது. மேலே இருக்கிற சின்னக் குழாயைத் தளர்த்திக் காற்றை விட்டேன். புஸ்ஸென்று சீறி, பால் மாதிரித் தண்ணீர் கசிந்தது. மேல் குழாயின் சூடு இன்ஜின் பக்கம் நகர ஆரம்பித்தது. சாமி மறுபடி ஃப்யூஸைப் போட்டுவிட்டு, பெண்ணுக்குக் கேட்கிற மாதிரியே என்னிடம் சொன்னார்: "மாப்பிள்ளை பார்க்க வந்தவா வேலையையும் பார்த்துட்டா. நீ பாஸா ஃபெயிலான்னு நானே கேட்டுச் சொல்லட்டுமா?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானமாக இல்லை. பெண் தன் உள்ளங்கையை இன்னும் இன்ஜின் மேலேயே வைத்திருந்தாள். சூடு ஏறுகிறதா என்று பார்க்கிறாள். அந்த இன்ஜினை என்னைத் தவிர யாரும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

பூஜை நடுப்பகலில். அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, இன்ஜினும் கதகதப்பாகிவிட்டது. ரேடியேட்டருக்கு எதிரே வெளி முற்றத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பெரிய தாம்பாளத்தில் பொரி, கடலை, உடைத்த தேங்காய் எல்லாம் வைத்திருந்தோம். மற்ற பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களும் கூடி நின்றார்கள். சாமிதான் கற்பூரம் காட்டினார். நான் சுண்டல் பொட்டலங்களைக் கொடுக்க ஆரம்பித்தேன். மாமா ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முற்றத்து ஓரமாக நின்றார். முகத்தில் இன்னும் முழுத் தெளிவு இல்லை. மில் முதலாளியிடம் என்ன சொல்வது என்ற யோசனை.

கரண்டு நின்றது. உலைப் பக்கத்து இரைச்சல் சட்டென்று அடங்கியது. அந்த அமைதி எங்களுக்குப் பழக்கமானது. சுண்டல் தட்டை அப்படியே யார் கையிலோ திணித்துவிட்டு ஓடினேன். யார் என்று பிற்பாடுதான் தெரிந்தது, பெண்ணின் கையில். எனக்குப் பின்னாலேயே மாமா ஓடி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"ஹேண்டில் எங்க? ஹேண்டிலைக் குடு, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்!"

"ஹேண்டில் இல்ல மாமா. நவுந்துக்கோங்க."

பொத்தானை அமுக்கினேன். ஒரே அமுக்கு. இருமல் இல்லை, புகை இல்லை. இன்ஜின் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, தரை அதிர ஓட ஆரம்பித்தது. சாமி பெரிய சுவிட்சை மறுபக்கம் தள்ளினார். லோடு விழுந்தபோது சத்தம் ஒரு படி இறங்கி நிமிர்ந்தது. உலைப் பக்கத்து இரைச்சல் திரும்பி வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு.

வெளியே ஒரே கூச்சல். என்னவோ ஆகிவிட்டது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரேடியேட்டரின் பெரிய ஃபேன் காற்றை வெளிப்பக்கமாகத்தான் தள்ளும். அதற்கு நேர் எதிரே தாம்பாளத்தை வைத்தது நாங்கள்தான். ஒரு படிப் பொரி மொத்தமாகக் கிளம்பி, முற்றத்தில் நின்ற அத்தனை பேர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. மாலையிலிருந்து சாமந்தி இதழ்களும் கூடப் பறந்தன. குழந்தைகள் குதித்துக் குதித்துப் பிடித்தார்கள். பெண் சுண்டல் தட்டை முந்தானையால் மூடிக் காப்பாற்றிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி நின்றாள். கனகாம்பரத்தில் எல்லாம் பொரி.

அன்று காலையிலிருந்து வாயே திறக்காமல் இருந்த அத்தைக்கு அப்போதுதான் குரல் வந்தது. இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கத்தினாள்: "பாத்துக்கோங்க! அட்சதை போட்டாச்சி! இனிமே யாரும் பேச்சு மாத்தக் கூடாது!"

மாமா இன்ஜின் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருக்கு வெளியே நடந்த எதுவும் தெரியாது. பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே அமுக்கு" என்றார். "வெரல்ல. ஒரே வெரல்ல." பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கி, "ரயிலு இன்னா பெரிய ரயிலு மாப்ள! அதைத் தண்டவாளம் இட்டுனு போவுது. நீ வா, சாப்புடலாம்" என்றார். தம்பி மாப்பிள்ளையானது அந்த இடத்தில்தான்.

கிளம்புகிற நேரத்தில் பெண் காலித் தட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். என்னோடு அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எங்க மில்லுக்கும் இது மாரி ஒன்னு செய்ய முடியுமா? கல்யாணத்துக்கு அப்பால நைனாவுக்கு வெந்நீர் தூக்க ஆள் இல்ல."

முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. பொதட்டூர்பேட்டை மில்லில் கரண்டு ஹீட்டருக்கு எங்கே போவது?

கல்யாணம் தை மாதம் என்று முடிவாகியிருந்தது. மார்கழி பிறந்ததும் சாமியும் நானும் மூன்று நாள் லீவு போட்டோம். மேனேஜரிடம் கேட்டு, கழித்துப் போட்ட பழைய எண்ணெய் டிரம் ஒன்று, கொஞ்சம் குழாய், இரண்டு வால்வு வாங்கிக்கொண்டோம். அதையெல்லாம் பஸ் மேலே கட்டிக்கொண்டு போனோம். கரண்டே இல்லாத வேலைக்கு எலக்ட்ரீஷியன் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அடுப்பு போடத் தெரியுமோ உனக்கு?" என்று சாமி திருப்பிக் கேட்டார்.

மில் இன்ஜின் பழைய காலத்து ஒற்றை சிலிண்டர். ஆள் உயரச் சக்கரம். டிரம்மை நன்றாகக் கழுவி, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற கூட்டின் அடியிலிருந்து ஒரு குழாய், மேலே ஒரு குழாய் என்று இணைத்தேன். சாமி நெல் உமியை வைத்து அடுப்புப் போட்டார். நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கி அடைத்து, கட்டையை உருவிவிட்டால் நடுவில் ஓட்டை நிற்கும். அதில் நெருப்பு வைத்தால் மணிக்கணக்காகக் கனிந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் ஆள் வேண்டாம். மடைப்பள்ளி வித்தை. மில்லில் உமிக்கா பஞ்சம்?

முதல் நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் டிரம் தளதளவென்று கொதிக்கிறது, இன்ஜின் ஐஸ் மாதிரி கிடக்கிறது. பெண் வழக்கம்போலத் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். காபியை அப்படியே வைத்துவிட்டுக் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிரம்மை அடுப்புக்கு மேலே தூக்கி வைத்ததில் அது இன்ஜினைவிட உயரமாகிவிட்டது. சூடான தண்ணீர் மேலேதான் போகும், கீழே இருக்கிற இன்ஜினுக்கு எப்படி இறங்கும்? தொழிற்சாலையில் ஹீட்டர் ஏன் காலடியில் இருக்கிறது என்று இரண்டு வருஷம் அதைத் தொட்டுப் பார்த்த நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று பகல் முழுக்க மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பள்ளம் தோண்டினோம். மாமா, சாமி, நான், நெல் கொண்டுவந்த இரண்டு பேர். அடுப்பும் டிரம்மும் பள்ளத்துக்குள் இறங்கின.

மறுநாள் பனி கொட்டிக்கொண்டிருந்த விடியற்காலையில் மில் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நெல் கூடையோடு காத்திருந்தார்கள். பெண் தவலை இல்லாமல், கையை வீசிக்கொண்டு வந்தாள். நேராகப் போய் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தன் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மாமா துண்டைத் தலையில் கட்டினார். கையில் துப்பிக்கொண்டு ஹேண்டிலை மாட்டினார். காலை அகட்டி நின்று, பல்லைக் கடித்து ஒரு சுற்று சுற்றினார். டுக் என்றது. இரண்டாவது சுற்றுக்கு அவர் குனிவதற்குள் டுக், டுக், டுக் என்று சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வைத்திருந்த பலம் எல்லாம் செலவாகாமல் போனதால் மனிதர் பின்னாலே தடுமாறி உமிக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமாவும் உமியிலேயே உட்கார்ந்துகொண்டு, வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

தையில் கல்யாணம் அங்கேயேதான் நடந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு லாரி நிறைய உலைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முகூர்த்த நாள் காலையில் அத்தனை பேருக்கும் குளிக்க வெந்நீர் எங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? சாமி மில்லிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வால்வையும் மூடிவிட்டு, டிரம்மின் மேல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கு ஒரு வாளி என்று மொண்டு கொடுத்தார். இன்ஜினைக் கேலி செய்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "எண்ணெய் தேச்சாச்சோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. மாப்பிள்ளை என்பதால் எனக்கு முதல் வாளி கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். பெண் வீட்டுப் பெண்களுக்குத்தான் முதலில் என்று சாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் முறை வந்தபோது டிரம்மில் இருந்தது வெறும் பச்சைத் தண்ணீர். தை மாதக் குளிரில், பல் தடதடவென்று அடிக்க, மில் கிணற்றடியில் அதை ஊற்றிக்கொண்டு, ஈரம் காயாத தலையோடு ஓடிப்போய் மணையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவள், குளித்த வெதுவெதுப்பு இன்னும் போகாமல், மஞ்சள் வாசத்தோடு உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்துக் கொடுத்தபோது, "இன்னா, இப்டி சில்லுனு கீது?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.